ஒன்றரைக் கட்டை இறக்கம்

“பதினோரு வருஷமா பியானோ ஸ்டாண்டுல உட்கார்ந்திருந்த பாட்டுப் புத்தகம், இன்னிக்குக் காலைல கால் முளைச்சு நடந்து போயிடுச்சாக்கும்?”

“எனக்குத் தெரியாதுக்கா. நேத்து இருந்துது.”

“நேத்து இருந்துதுன்னு எனக்கும் தெரியும்டி. இன்னிக்கு எங்கேன்னுதான் கேக்கறேன்.”

மாடி வீட்டில் அக்காக்காரியின் குரல் இப்படி ஏறியபோது காலை எட்டரை. கீழே நான் தையல் மெஷினை நிறுத்தினேன். மெஷின் ஓடினால் காதில் ஒன்றும் விழாது. விழாமல் போனால் பிறகு அரைகுறையாக ஊகிக்க வேண்டியிருக்கும். தப்பும் தவறுமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

அந்த வீட்டை அறியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. மூத்தவள் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். ஊராருக்குப் பார்வை அளந்து தருவது பிழைப்பு, பாடுவது உயிர். கல்யாணம் வேண்டாமென்று அக்காவோடு தங்கிவிட்ட இளையவள் பியானோ டீச்சர். மாதக் கடைசி ஞாயிறு, மாலை நாலு மணிக்கு, அவர்கள் முன்னறையில் கச்சேரி. மூத்தவளின் கணவர் இருபத்திரண்டு நாற்காலிகளைப் போடுவார். போட்டுவிட்டு எண்ணுவார். அவரைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல முடியும்.

பாடுவதெல்லாம் நூற்றைம்பது, இருநூறு வருஷத்துக்கு முந்திய அயல்தேசப் பாட்டுகள். பெரிய மண்டபத்துக்கு எழுதினவை அல்ல; இப்படி ஒரு முன்னறையில் பத்துப் பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்து கேட்க எழுதினவை. ஒரு குரல், ஒரு பியானோ, ஒரு மனக்குறை. முதலில் இளையவள் தனியாக இரண்டு மூன்று சின்ன உருப்படிகள் வாசிப்பாள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம்தான். ஏதோ சொல்ல வந்து, வேண்டாமென்று விட்டதுபோல முடிந்துவிடும். பிறகு மூத்தவள் எழுந்து பியானோமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு பாடுவாள்.

கடைசிப் பாட்டு எப்போதும் கையுறைப் பாட்டு. எழுதியவர் பெயர் என் வாயில் நுழையாது. விட்டுப் போனவனின் ஒற்றைக் கையுறை ஒருத்திக்குக் கிடைக்கிறது. அதற்குள் தன் கையை விடுகிறாள். ‘இன்னும் சூடு’ என்கிறாள். அந்த ‘சூடு’ உச்சத்தில் நிற்கும் ஸ்வரம். அதோடு பாடுகிறவளுக்கு வேலை முடிந்தது. அப்புறம் பியானோ மட்டும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசி ஓயும். மூத்தவள் அந்த உச்சத்தைத் தொடும்போது முன்வரிசையில் உட்காரும் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கண்ணாடி அவள் கடையில் வாங்கியதுதான்.

போன வாரம்தான் மூத்தவளின் மகள் ஒரு பையனைக் கூட்டிவந்து, கட்டினால் இவனைத்தான் என்று சொன்னாள். பையன் பியானோ வாசிப்பவன் என்றதும் தாய்க்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஞாயிறு மாப்பிள்ளைதான் எனக்கு வாசிக்கணும் என்று அங்கேயே தீர்த்துவிட்டாள். இளையவள் முகம் சுண்டியதை நான் பார்த்தேன். பார்த்ததை நாலு வீட்டில் சொல்லியும் இருந்தேன், பொறாமை என்று.

இப்போது மாடியில் அதே வார்த்தை.

“பொறாமைடி உனக்கு. ஒரே ஒரு நாள் அந்த ஸ்டூலை விட்டுக் குடுக்க மனசு வரலே.”

இளையவளால் என்ன சொல்ல முடியும்? அந்தப் புத்தகம் என் வீட்டுப் பீரோவில், போர்வைகளுக்கு அடியில் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து, நாளை ராத்திரி வரை இது இங்கே இருக்கட்டும், ஏனென்று கேட்காதீர்கள் என்று கொடுத்துவிட்டுப் போனாள். நான் கேட்கவில்லை. பிரித்துத்தான் பார்த்தேன். வெறும் பாட்டுப் புத்தகம். இதை ஒளிக்கிற அளவுக்கா பொறாமை என்று எனக்கே அவள்மேல் மதிப்பு கொஞ்சம் குறைந்துபோய்விட்டது.

சண்டை நடுவே மகளின் குரல் வந்தது.

“விடும்மா. அவர் போன்ல எடுத்து வெச்சிருக்காராம். புத்தகம் வேண்டாம்.”

சாதாரணப் பேச்சு. ஆனால் குரல் சரியில்லை. துணி வெட்டும்போது கத்தரி தவறான கோட்டில் ஏறிவிட்டால் கை ஒரு கணம் நிற்குமே, அந்த நிதானம் அதில் இருந்தது. கச்சேரி நாளில் கோப்பை கழுவ நான் பத்து மணிக்குப் போவது வழக்கம். அன்றைக்கு எட்டே முக்காலுக்கே மாடியேறினேன்.

முன்னறையில் பெரியவர், மூத்தவளின் கணவர், நாற்காலி விரித்துக்கொண்டிருந்தார். மூத்தவள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். சமையலறையில் இளையவள் குழாயைத் திறந்துவிட்டு, கோப்பையைக் கழுவாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் உள்ளே வந்தாள். கையில் பழுப்பேறிய காகிதங்கள். மூன்று கட்டு, ஒவ்வொன்றும் ஊசி நூலால் தைத்தது.

அந்தப் பெண் காது பரிசோதிக்கும் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் இசைக் கல்லூரியில் பாட்டுப் படித்தாள். ஒரு ஞாயிறு இதே முன்னறையில் கையுறைப் பாட்டைப் பாடி, ‘சூடு’ வரும் இடத்தில் குரல் உடைந்தது. ஐம்பது வயதில் எனக்கு வருகிறது, பத்தொன்பதில் உனக்கு வரவில்லையே என்று அவள் அம்மா இருபத்திரண்டு நாற்காலிகளுக்கு முன்னால் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மறுவாரம் அந்தப் பெண் கல்லூரியை விட்டாள். அன்றைக்குப் பிறகு குளிக்கும்போதுகூட அவள் பாடி நான் கேட்டதில்லை.

“புத்தகத்தைத் தேடி பியானோ ஸ்டூலைத் திறந்தேன் சித்தி. அடித்துணிக்குக் கீழ இருந்துது,” என்றாள்.

இளையவள் திரும்பிப் பார்த்தாள். குழாயை மூடினாள். நான் வெளியே போகலாமா என்று யோசித்து, ஒரு துணியை எடுத்துத் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“எல்லாம் கையுறைப் பாட்டு. உங்க கையெழுத்து. மேல ‘அக்காவுக்கு’ன்னு போட்டு, தேதியும் போட்டிருக்கீங்க. முதலாவது அச்சுல இருக்கறதைவிட சுருதி அரைக் கட்டை கீழ. அடுத்தது ஒரு கட்டை. கடைசியா இது ஒன்றரைக் கட்டை.”

“பதினோரு வருஷம் முன்னாடி அம்மாவுக்கு ஆபரேஷன் ஆச்சே, கழுத்துல,” என்றாள் இளையவள். “முதல் நாள் பாடறேன்னு வந்து நின்னா. வரலைன்னா அவ செத்தே போயிடுவான்னு தோணிச்சு. அரைக் கட்டை இறக்கி வாசிச்சேன். வந்துடுச்சு. குரல் திரும்பிடுச்சுடின்னு என்னைக் கட்டிக்கிட்டு அழுதா. அப்புறம் எப்படிச் சொல்வேன்?”

எப்படிச் சொல்வாள் என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மூத்தவளின் கச்சேரி கவுனை வருஷம் ஒருமுறை பிரித்து அரை இன்ச் தளர்த்தித் தைப்பவள் நான். பார்த்தீங்களா, அளவு மாறவே இல்லை என்று அவள் கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நிற்பாள். நானும் ஆமாம் என்பேன். ஆனால் என் அரை இன்ச்சால் யாரும் படிப்பை விடவில்லை.

நடந்தது இதுதான். பியானோ தொடங்கித் தரும் சுருதியை மூத்தவள் சுத்தமாகப் பிடித்துக்கொள்வாள். அது எந்தச் சுருதி என்று தனியாகச் சொல்லும் காது அவளுக்கில்லை. பல பேருக்கு இல்லை. பியானோவைத் தொடவும் மாட்டாள். தங்கை, அச்சடித்த புத்தகத்தை எதிரில் விரித்து வைத்துக்கொண்டு, மனப்பாடமாக வேறொன்றை வாசிப்பாள். பெரியவர் பக்கத்தில் நின்று ஒழுங்காகப் பக்கம் திருப்புவார். வயது ஏற ஏற, பாட்டு இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

மகள் மூன்றாவது கட்டின் தேதியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“இது நான் பாடினதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. முந்தின மாசம் அம்மா இறக்கிப் பாடினாங்க, அடுத்த மாசம் நான் அச்சுல இருக்கறபடி பாடினேன். எனக்கு மட்டும் ஏன் சித்தி மேல வாசிச்சீங்க?”

இளையவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

“உனக்கு இறக்கி வாசிச்சிருந்தா நீ கண்டுபிடிச்சிருப்பே. காலேஜ்ல தினம் சரியான சுருதியில பாடிட்டு வந்தவ. அதனாலதான். உனக்கு வந்துடும்னு நினைச்சேன்னு இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கிட்டேன். அது பொய். நீ கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதான் வாசிச்சேன்.”

“அம்மா அப்படிச் சொன்னப்ப நீங்க ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தீங்க.”

“ஆமாம்.”

“நான் காலேஜை விட்டப்ப, என் பெட்டியை நீங்கதான் ஹாஸ்டல்லேர்ந்து தூக்கிட்டு வந்தீங்க.”

“ஆமாம்.”

அந்த இரண்டாவது ‘ஆமாம்’ வெறும் காற்றாகத்தான் வந்தது. நான் ஒரே தட்டை எத்தனை முறை துடைத்தேன் என்று தெரியவில்லை. ‘கண்ணாடிக்காரி மகளுக்குக் குரல் இல்லையாம்’ என்று அன்றைக்குத் தெருவெல்லாம் சொன்னது யார் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் ஒரு ‘ஆமாம்’ சொல்ல வேண்டியிருக்கும்.

மகள் காகிதங்களை மடித்தாள். பன்னிரண்டு மணிக்கு அவர் வருவார், அச்சில் இருப்பதை அப்படியே வாசிப்பார், அம்மா எல்லார் முன்னாலும் அந்த இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்பாள் என்று கணக்காகச் சொன்னாள். பிறகு, “எனக்கு நடந்தது அவங்களுக்கு நடக்க வேண்டாம். அதுக்குள்ள நீங்க சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லா சொல்ல மாட்டேன்,” என்றாள்.

இளையவள் உள்ளறைக்குப் போக மூன்று முறை கிளம்பினாள். முதல் முறை முன்னறைவரை போய், நாற்காலி ஒன்றை நேராக்கிவிட்டுத் திரும்பினாள். அடுத்த முறை என்னிடம் புத்தகம் பத்திரமா என்று கேட்டாள். மூன்றாம் முறை கதவைத் தட்டினாள். நான் டீயை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது. தட்டோடு உள்ளே போவது நாகரிகம் இல்லையென்று வெளியிலேயே நின்றேன்.

மூத்தவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். தங்கை சுற்றி வளைக்காமல் சொன்னது எனக்கு ஆச்சரியம். ஆபரேஷன், முதல் நாள், மூன்று கட்டு, எல்லாம் நாலைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. மூத்தவள் முதலில் சிரித்தாள்.

“எவ்வளவு?”

“இப்ப ஒன்றரை.”

“ஒன்றரை.” சீப்பு தலையிலேயே நின்றது. “பதினோரு வருஷமா நான் மத்தவங்களுக்குப் பார்வை குறைஞ்சிருக்குன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். எனக்குச் சொல்ல ஒரு ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கு.”

பிறகு சீப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். நான் எதிர்பார்த்தது கூச்சல். கூச்சல் வந்திருந்தால் இளையவளுக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

“அப்ப அவ?” என்றாள் மூத்தவள் கடைசியில். “அன்னிக்கு அவ சரியாத்தான் பாடினாளா?”

“ஒரு சின்ன விரிசல் அக்கா. ஒரு மாசம் போயிருந்தா தானா சரியாயிருக்கும்.”

“எனக்கு வருது, உனக்கு வரலையேன்னு சொன்னேனே.”

“ஆமாம்.”

“எனக்கும் வரலை.”

“ஆமாம்க்கா.”

மூத்தவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் அழுததை நான் பார்க்கவில்லை. சீப்பிலிருந்து முடியை ஒவ்வொன்றாக எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இன்று மட்டும் நானே வாசிக்கிறேன், இறக்கியே வாசிக்கிறேன், யாருக்கும் தெரியாது என்று தங்கை கெஞ்சினாள். மூத்தவள் தலையசைத்து மறுத்தாள். அவனே வாசிக்கட்டும், அச்சில் இருக்கிறபடி வாசிக்கட்டும் என்றாள். தங்கை பதறி வெளியே வந்தவள் என் தட்டில் மோதி, டீ முழுக்க என் கையில். சுட்டது. அந்த நேரத்தில் அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

நாலு மணிக்கு இருபத்திரண்டு நாற்காலியும் நிறைந்தன. மாப்பிள்ளைப் பையன் ஸ்டாண்டில் போனைச் சாய்த்து வைத்தான். நல்ல பையன், விஷயம் ஒன்றும் தெரியாது. இளையவள் முதல்முறையாகக் கேட்பவர்கள் பக்கத்தில், சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தாள். விரல்கள் மடிமேல் தானாக அசைந்துகொண்டிருந்தன. மகள் சமையலறை வாசலில் நின்றாள், உட்காரவில்லை. பெரியவர் பக்கம் திருப்ப வந்து நின்று, போனைப் பார்த்து, திருப்ப ஒன்றுமில்லையென்று திரும்பிப் போனார்.

மூத்தவள் மற்ற பாட்டுகளை ஒதுக்கிவிட்டாள். கையுறை மட்டும் என்றாள்.

பியானோ தொடங்கிய உடனேயே எனக்கே வித்தியாசம் தெரிந்தது, தெரிந்துகொண்டு கேட்டதால். சன்னமாக, குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதுபோல இருந்தது. மூத்தவள் ஒவ்வொரு வரிக்கும் ஒரு படி ஏறினாள். கழுத்து நரம்பு தெரிந்தது. கையுறை கிடைத்தது. கையை அதற்குள் விட்டாள். ‘இன்னும்’ வரை வந்தாள்.

அங்கே வாயை மூடிக்கொண்டாள்.

உடையவில்லை, தவறவில்லை. முயற்சி செய்யவே இல்லை. பையன் நிமிர்ந்து பார்த்தான், ஒரு மூச்சு காத்திருந்தான், மேலே வாசித்தான். பியானோ தனியாகப் பேசும் அந்தக் கடைசிப் பகுதி முழுக்க மூத்தவள் பியானோமேல் கையை வைத்தபடி சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷமாக அந்தப் பகுதியில் நான் கைப்பையைத் தேட ஆரம்பித்துவிடுவேன். அன்றைக்குத்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரிந்தது.

முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. தட்டலாமா என்று போஸ்ட்மாஸ்டர் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

“அந்த இடம் எனக்கு வராது,” என்றாள் மூத்தவள். “ஆறு வருஷத்துக்கு முன்னாடி இங்கேயே, உங்க முன்னாடியே, என் பொண்ணுக்கு அது வரலைன்னு சொன்னேன். அப்பவும் எனக்கு வராது. எனக்குத் தெரியாமப் போச்சு. அவ பாடினதுதான் சரி. உங்க முன்னாடி சொன்னதை உங்க முன்னாடியே திருப்பி எடுத்துக்கறேன்.”

தங்கை பெயரை எடுக்கவில்லை. கடைசிவரை எடுக்கவில்லை. சுவரோரம் இளையவள் எழுந்து நின்றாள், தானும் ஏதோ சொல்லப்போவதுபோல. மூத்தவள் அவளைப் பார்த்து, உட்கார் என்று கண்ணாலேயே சொன்னாள். அவள் உட்கார்ந்தாள். வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு குன்றியிருக்க மாட்டாள்.

எல்லாரும் மகளைப் பார்த்தார்கள். அவள் வந்து பாடுவாள், அம்மாவும் மகளும் கட்டிக்கொள்வார்கள் என்று நானும் கைக்குட்டையைத் தயாராக எடுத்துவிட்டேன். அந்தப் பெண் கதவுநிலையிலிருந்து முதுகை எடுத்தாள்.

“டீ ஆறிடும்மா,” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மூன்று மாதத்தில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். பையனுக்கு வேறு ஊரில் வேலை. இருவரும் அங்கே போய்விட்டார்கள். அதற்கு முந்தைய மாதமே இளையவள் கிளம்பியிருந்தாள். எங்கேயோ நடனப் பள்ளியில் பியானோ வாசிக்கும் வேலை. அக்கா போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. இனிமேல் நீ வாசித்தால் எந்தச் சுருதியென்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டே இருப்பேன் என்று மட்டும் சொன்னாளாம். ஆறு ஆள் பியானோவை மாடிப்படியில் இறக்கினார்கள். என் கதவு உரசி வண்ணம் போனது. முன்னறைத் தரையில் நாலு பள்ளம் இருக்கிறது. பெரியவர் இன்னும் மாதக் கடைசி ஞாயிறு இரண்டு நாற்காலி போடுகிறார்.

ஊரைவிட்டுப் போகும் அன்று காலை மகள் என் வாசலில் வந்து நின்றாள்.

“சித்தி குடுத்த பார்சல் உங்ககிட்டதானே இருக்கு?”

போர்வைகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். செய்தித்தாளைப் பிரித்துக் கையுறைப் பாட்டு இருக்கும் பக்கத்தைத் திறந்தாள், பார்த்தாள், மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். பாடுவாயா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. வாழ்நாளில் முதல்முறையாக விழுங்கினேன்.

பதிலுக்கு அந்த மூன்று காகிதக் கட்டுகளையும் என் கையில் வைத்தாள்.

“இதை அம்மாகிட்ட குடுத்துடுங்க. இப்ப வேண்டாம். எப்பன்னு உங்களுக்கே தெரியும், நீங்கதான் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருக்கீங்களே.”

கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். நேற்று சாயங்காலம் மாடியில், பியானோ இல்லாத அறையில், மூத்தவள் மெதுவாக ஒரு வரியைத் தொடங்கினாள். நிறுத்தினாள். கொஞ்சம் கீழே இருந்து மறுபடி தொடங்கினாள். என் மடியில் ‘அக்காவுக்கு’ என்று எழுதிய காகிதம் விரிந்திருந்தது. நான் இரண்டு முறை எழுந்தேன், இரண்டு முறையும் மாடிப்படிவரை போய்த் திரும்பினேன்.